பதிவு எண் 219

ஜனவரி 8

அக்கா,

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பேனா பிடித்து உனக்கு எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில்தான் ஆரம்பித்தேன். "அக்கா, நான் பொறந்தப்போ நீ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தியா?" என்று கேட்டேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மூன்று நாளாக எடுக்கவே இல்லை. அவ்வளவு நேரம் காயும் பாலை நான் பார்த்ததில்லை.

வீட்டில் இருந்தபடி இதைப் பேசவும் முடியாது. இருப்பது ஒரே அறை. அம்மா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். செய்தி அனுப்பலாம் என்றால் உன் செய்திகளை என் ஃபோனில் முதலில் படிப்பது அவள்தான். அதனால்தான் கடிதம். பதிலை ஆபீஸ் முகவரிக்குப் போடு.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் நாலாம் கவுண்டரில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறேன், மதியத்துக்கு மேல் அடித்தள அறையில் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். போன வாரம் நான் பிறந்த வருஷத்துப் புத்தகம் கைக்கு வந்தது. என் பிறந்தநாள் பக்கத்தைச் சும்மா ஆசைக்குப் புரட்டினேன். பதிவு எண் 214. அப்பா பெயர், அம்மா பெயர், நாம் அப்போது இருந்த மூன்றாம் மாடி வீட்டு முகவரி எல்லாம் சரியாக இருந்தது. அப்பா லிஃப்ட் ஓட்டிய அதே ஆஸ்பத்திரி. காலை பத்து இருபதுக்குப் பிறந்த குழந்தை. பாலினம்: ஆண்.

ஐந்து தடவை பார்த்தேன். ஆண்.

எழுத்துப் பிழை என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அக்கா, பிழையைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஒரு மனு, ஒரு கையெழுத்து, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்பா அதைச் செய்யவில்லை. எனக்கு மூன்று வயதானபோது, நான் வீட்டில் பிறந்ததாகச் சத்தியப் பத்திரம் கொடுத்துப் புதிதாகப் பதிந்திருக்கிறார். அம்மாவோ என்னைப் பெற்றபோது படுத்திருந்த ஆஸ்பத்திரி ஜன்னலைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறாள். வீட்டில் பிறந்தவளுக்கு ஆஸ்பத்திரி ஜன்னல் எங்கிருந்து வந்தது?

நான் பிறந்தபோது உனக்குப் பதினொரு வயது. எல்லாம் நினைவிருக்கும். மழுப்பாமல் எழுது.

உன் தங்கை

•

ஜனவரி 19

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கண்டு பயந்துபோனேன், அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. படித்த பிறகு சிரிப்புதான் வந்தது. இதற்கா தபால் தலை ஒட்டினாய்?

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எழுதுகிறவர்கள் எப்படி எழுதினார்கள் என்று உனக்குத் தெரியாது. ஒரே நாளில் இருபது பிரசவம். கை போன போக்கில் ஆண் பெண் என்று போட்டுக்கொண்டே போவார்கள். அப்பா அதைப் பார்த்திருக்கவே மாட்டார். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் கேட்டதும் யாரோ புரோக்கர் சொன்னபடி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அவருக்கு ஆபீஸ் என்றாலே பயம். உனக்குத் தெரியாததா?

நான் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேனா என்று கேட்டாய். வந்திருப்பேன். சரியாக நினைவில்லை. எனக்குப் பரீட்சை நேரம் என்று நினைக்கிறேன். மூன்று பேர் இருந்த வீடு நான்கு பேராகிவிட்டது, அவ்வளவுதான் நினைவு.

கடல் தாண்டி வந்து இந்த முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் எனக்கு மூச்சு விட நேரமில்லை. என் வார்டில் பதினான்கு பேர். பாதிப் பேருக்குத் தங்கள் பிள்ளைகள் பெயரே மறந்துவிட்டது. அவர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வதில் என்ன இருக்கிறது சொல்.

அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்யாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது என்று சொல். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாதே. பக்கத்துப் படுக்கைப் பெண், அவள் இவள் என்று எதையும் தோண்டிக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 2

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். கடைசிக்கு முந்தின வரிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எந்தப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணைப் பற்றியும் எழுதவில்லை. என் கடிதத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. நீயாகக் கொண்டுவந்தாய்.

உடனே அடித்தள அறைக்கு இறங்கினேன். அதே நாள், அதே ஆஸ்பத்திரி. 215 முதல் 218 வரை ஆண் குழந்தைகள். 219 பெண். மதியம் ஒன்று ஐந்துக்குப் பிறந்திருக்கிறாள். தாய்க்கு வயது பத்தொன்பது, தொழில் தையல். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பிறகு இறப்புப் பதிவேட்டைத் திறந்தேன். 219 குழந்தை அன்றைக்கே இறந்ததாக எழுதியிருக்கிறது. 214 குழந்தை இறந்ததாக எங்கேயும் இல்லை.

எல்லாம் சரியாக எழுதியிருந்தால் நம் வீட்டில் இன்றைக்கு இருபத்தாறு வயதில் ஒரு தம்பி இருக்க வேண்டும். நான் செத்திருக்க வேண்டும். கவுண்டரில் யாராவது இப்படி இரண்டு தாளைக் கொண்டுவந்து நீட்டினால் என்ன நடந்தது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். எனக்கே நடந்ததால் ஒரு வாரம் ஆனது.

சனிக்கிழமை, 219-இல் எழுதியிருந்த தாயின் முகவரிக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பஸ் டிப்போவுக்குப் பின்னால் குறுகலான தெரு. வீட்டு முன்னறையையே கடையாக்கி, "துணி அளவு குறைத்து, கூட்டித் தரப்படும்" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு தையல் மெஷின், ஒரு ஆள் உயரக் கண்ணாடி, கம்பியில் வரிசையாகத் தொங்கும் மற்றவர்களுடைய உடுப்புகள். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயதில் ஒரு பெண், வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடி, "உள்ள வாம்மா" என்றாள்.

நான் என் ஆபீஸ் சட்டையைக் கொண்டுபோயிருந்தேன். தோளில் இறக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, டேப்பை எடுத்துத் தோளை அளந்தாள். பிறகு இன்னொரு தடவை அளந்தாள்.

"சட்டை மேல தப்பில்லம்மா. உனக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு. எனக்கும் அப்படித்தான். குனிஞ்சு குனிஞ்சு தைச்சதால வந்ததுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீயும் தையலா?"

"இல்ல. ஆபீஸ் வேலை."

"அப்போ பொறப்புலயே வந்ததா இருக்கும்" என்று சிரித்தாள்.

சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள், "ஏன்டி லேட்டு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று. அவளுடைய தோளைப் பார்த்தேன். இரண்டும் நேராக இருக்கின்றன. அம்மாவின் தோளை என்றைக்காவது நான் பார்த்திருக்கிறேனா?

அப்பா என்ன செய்தார், அக்கா?

•

பிப்ரவரி 13

குட்டி,

நீ இனிமேல் அங்கே போகக் கூடாது. சட்டை போனால் போகட்டும்.

உனக்கு விளையாட்டாக இருக்கிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று உனக்கே தெரியும். உனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் தங்காமல் போனவள் அவள். உன்னை வைத்துத்தான் எழுந்து நடமாடினாள். உனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போக மாட்டாள், பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. அவளிடம் போய் இதையெல்லாம் சொல்லப்போகிறாயா? அப்பா செத்து நாலு வருஷம் ஆகிறது. செத்தவரைக் கூண்டில் ஏற்றி உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்தாய் என்றால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை.

அக்கா

•

பிப்ரவரி 24

தங்கை இல்லை என்று நீ எழுதிவிட்டாய். பதிவேடும் அதைத்தான் சொல்கிறது. அதனால் எனக்கு அது பெரிய மிரட்டலாகப் படவில்லை.

கோபத்தில் எழுதிய வரி, அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன்.

சட்டையை வாங்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தைத்து வைத்திருந்தாள். போட்டுப் பார்க்கச் சொன்னாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சட்டை எனக்கு அப்படிப் பொருந்தியது இல்லை. மழை பிடித்துக்கொண்டது. உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள்.

தனியாகத்தான் இருக்கிறாள். ஒரு அண்ணன் இருந்தாராம், அவரும் போய்விட்டாராம். "கல்யாணம் பண்ணிக்கலையா?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, கள்ளத்தனமாக இருந்தது.

"ஒருத்தன் பண்ணிக்கிறேன்னான். வயித்துல பிள்ளைன்னதும் ஊரை விட்டே ஓடிட்டான். ஒரு பொண்ணு பொறந்துச்சு. மயக்கத்துல இருந்தேன். முழிச்சதும் செத்துப்போச்சுன்னாங்க. சுத்திக் கட்டின துணிதான் பார்த்தேன். முகத்தைக் காட்டலை. பார்த்தா மனசு தாங்காதுன்னு அந்த ஆயா சொன்னா." மெஷின் சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டாள். "ஆனா அழுகைச் சத்தம் கேட்டேன்மா. பொறந்ததும் நல்லா வீறிட்டு அழுதுச்சு. அதைச் சொன்னா யாரும் நம்பலை. மயக்கத்துல கேட்டிருப்பேன்னாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அக்கா, தன் காதில் விழுந்தது நிஜமா இல்லையா என்று ஒருத்தி இத்தனை வருஷமாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான், அவளுக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. "நீங்க கேட்டது நிஜம்தான்" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். உனக்காக இல்லை, அம்மாவுக்காக.

எங்கள் சூப்பிரண்டென்ட்டை நாங்கள் முத்திரை என்று கூப்பிடுவோம், டீக் கோப்பையைக்கூடச் சீல் வைத்துத்தான் கொடுப்பார் என்று. அவர் அந்த வருஷத்துப் புத்தகத்தை மார்ச் 20-ம் தேதி மூடி முத்திரை வைக்கப்போகிறார். பக்கம் ஒட்டிக்கொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். 214-ஐயும் 219-ஐயும் ஸ்கேன் செய்துவிட்டேன்.

அதற்குள் நீ பார்த்ததை எழுது. எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்த அளவில் அவளிடம் சொல்லிவிடுவேன். அரைகுறையாகச் சொன்னால் அப்பா இன்னும் கெட்டவராகத்தான் தெரிவார். யோசித்துக்கொள்.

•

மார்ச் 5

குட்டி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் உன் மாமாவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன்.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. பரீட்சையெல்லாம் இல்லை.

அம்மாவுக்கு ஜன்னி கண்டு இரண்டு நாளாக நினைவு இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் அப்பா கூடவே கூட்டிவந்துவிட்டார். லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், சலித்துப்போனால் வார்டுக்குப் போவேன். பக்கத்துப் படுக்கையில் அந்த அக்கா. ஆமாம், அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என் தலை கலைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இங்க வா, உங்கம்மா எந்திரிக்கிற வரைக்கும் நான் சீவி விடறேன்" என்று அந்தப் பெரிய வயிற்றோடு உட்கார்ந்து எனக்கு இரட்டை ஜடை பின்னிவிட்டாள். வலித்தால் சொல்லு, வலித்தால் சொல்லு என்று கேட்டுக்கொண்டே பின்னினாள். அவளுக்குத்தான் வலி எடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ஆயா வெளியே வந்து, "உனக்குத் தம்பி பொறந்திருக்கான்" என்றாள். பார்க்க வேண்டும் என்று நடைவழியில் காத்திருந்தேன். யாரும் காட்டவில்லை. மத்தியானம் அப்பா அந்த ஆயாவோடு மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்பா அழுது நான் பார்த்த ஒரே தடவை அதுதான். பிறகு ஆயா ஒரு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அப்பா, "இதுதான் உன் தங்கச்சி" என்றார்.

"தம்பின்னாங்களே" என்றேன்.

அறைந்தார். என்னை அவர் அடித்ததே இல்லை, உனக்குத் தெரியும். அறைந்துவிட்டு அதே கையால் என் கன்னத்தைத் தடவி, "உங்கம்மா கண்ணு முழிச்சு பிள்ளை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? இதோட மூணாவது. அவ பொழைக்கணும்னா நீ வாயைத் தொறக்கக் கூடாது" என்றார்.

உன்னை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே வார்டுக்குள்ளிருந்து அந்த அக்காவின் குரல் கேட்டது. "ஒரு தடவை காட்டுங்க. ஒரே ஒரு தடவை." அவள் உனக்காகத்தான் கத்துகிறாள் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். பதினொரு வயதுக்கு அது நன்றாகப் புரியும். நான் எழுந்து பத்து அடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் நீ என் விரலைப் பிடித்திருந்தாய், எனக்கு உன்னைக் கொடுக்க மனசில்லை. அப்பா பயமுறுத்தியதால் மட்டும் நான் சும்மா இருக்கவில்லை, குட்டி. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அம்மா உனக்குத் தலை பின்னச் சொன்னால் நான் ஓடிவிடுவேன். சோம்பேறி என்று திட்டுவாள். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டதும் அதனால்தான். உன் முகம் வளர வளர அவள் முகமாக மாறிக்கொண்டே வந்தது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இனி நீ என்ன செய்தாலும் நான் தடுக்க மாட்டேன். அம்மாவை மட்டும் பார்த்துக்கொள்.

அக்கா

•

மார்ச் 18

அக்கா,

மாமாவுக்கு நம் ஆபீஸ் முகவரி ஏற்பாடு தெரியாது. உறையின் மேல் வழக்கம்போல வீட்டு முகவரியை எழுதிவிட்டார். கடிதம் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறது. நான் வேலையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உன் கடிதம். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கும் அவள் வழக்கப்படி, விரல் கடைசி வரியில் அப்படியே இருந்தது. "அம்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் ஒரு நொடி. அவ்வளவுதான், ஒரே ஒரு நொடி. ஆனால் பார்த்தாள்.

எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டாள். மூன்று நாள் பேச்சே இல்லை. காலையில் டிபன் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுப்பாள், சாயந்திரம் கதவைத் திறப்பாள். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கி முழுங்குவாள். இரவில் அப்பா படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். காலையில் நேராக வைத்தாள். மறுபடி திருப்பினாள்.

நான் என்ன கேட்பாள் என்று பயந்தேனோ அதை அவள் கேட்கவே இல்லை. நீ அந்தத் தையல்காரியிடம் போய்விடுவாயா என்று கேட்பாள், இனி என்னை அம்மா என்று கூப்பிடுவாயா என்று கேட்பாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். நாலாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அந்தப் பையனை எங்க வெச்சாரு?"

எனக்குப் புரியவில்லை.

"என் பிள்ளையை. அவனை எங்க கொண்டு போய் வெச்சாரு அந்த மனுஷன்? யாரு தூக்கிட்டுப் போனாங்க? துணியாவது சுத்தினாங்களா?"

அக்கா, நாம் இரண்டு பேரும் ஜனவரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு கடிதத்திலாவது அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோமா? எனக்கு அவன் ஒரு பதிவு எண். உனக்கு ஒரு ரகசியம். அவள் மட்டும்தான் அவனுக்கு அம்மா.

"தெரியலம்மா" என்றேன். அவள் மடித்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். இருபத்தாறு வருஷம் தாமதமாக ஒரு சாவு வீடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

•

மார்ச் 27

குட்டி,

ஃபோன் செய்தால் அம்மா எடுத்து உன்னிடம் கொடுத்துவிடுகிறாள். என் குரலைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நீயும் "நல்லா இருக்கோம், அப்புறம் எழுதறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடைக்குப் போனீர்களா? அந்த அக்கா என்ன சொன்னாள்? என்னைப் பற்றிக் கேட்டாளா?

எனக்குத் தூக்கம் இல்லை. வார்டில் நேற்று ஒரு பாட்டிக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், நல்லவேளை பக்கத்தில் இருந்தவள் தடுத்தாள். திட்டுவதானாலும் திட்டி எழுது.

அக்கா

•

ஏப்ரல் 19

அக்கா,

ஃபோனில் சொல்லும்படியான விஷயமாக இது இருக்கவில்லை. முடியட்டும் என்று காத்திருந்தேன். இன்னும் முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் கடைசி ஞாயிறு கடைக்குப் போனோம். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், "அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கியா? என்ன தைக்கணும்?" என்றாள். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, தேதி, படுக்கை, லிஃப்ட், ஆயா, நடைவழியில் நீ, இப்போது நீ வெளிநாட்டில் இருப்பது. எதையும் குறைக்கவில்லை, அப்பாவுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. நான் என் பையிலிருந்து இரண்டு பதிவுகளின் நகலையும் எடுத்து மெஷின் மேல் வைத்தேன்.

அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"செத்துட்டாரு."

"நல்லது" என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் வளர்த்திருக்கீங்க, ஒரு நாளும் சந்தேகம் வரலையா?"

"வரலை. தெரிஞ்சிருந்தா கொண்டு வந்து கொடுத்திருப்பீங்களான்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் மெஷின் மேலிருந்த கத்திரிக்கோலை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். "போங்க" என்றாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க." நாங்கள் தெருவில் இறங்கியதும் ஷட்டரை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் வீடு வரை கூடவே வந்தது. ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மூடியே கிடந்தது. இரண்டாவது வாரமும் அப்படித்தான். அவளாக ஏதாவது செய்துகொண்டாளோ என்று ஷட்டரைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர், "உள்ளதான் இருக்காங்க, லைட் எரியுது" என்ற பிறகுதான் திரும்பினேன்.

ஏப்ரல் 15-ம் தேதி காலை, நாலாம் கவுண்டரில் டோக்கன் எண் 31-ஐக் கூப்பிட்டேன். எதிரில் வந்து நின்றது அவள். மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். பழைய இறப்புச் சான்றிதழ் ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். மடிப்பில் எல்லாம் நைந்துபோயிருந்தது.

"இதுல செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கிற என் பொண்ணு உயிரோட இருக்கா. அதை எங்க எழுதிக் கொடுக்கணும்?"

நான் சான்றிதழைக் கையில் எடுத்தேன். பின்னாலிருந்து முத்திரை எட்டிப் பார்த்தார். "அதுக்குப் படிவம் கிடையாதேம்மா" என்றார் பாவமாக. "கோர்ட்டுக்குப் போகணும், வக்கீல் வைக்கணும். சாட்சி வேணும். யாராவது சாட்சி இருக்காங்களா?"

"இருக்கா. ரெட்டை ஜடை போட்ட ஒரு சின்னப் பொண்ணு. எந்த நாட்டுலயோ இருக்கா" என்று சொல்லிவிட்டு, எல்லாம் தெரிந்த பிறகு முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "நான் கேட்ட அழுகை நிஜம்தானே?" என்று கேட்டாள். "நிஜம்தான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, "பதினேழாம் தேதி காலையில வா. அந்தப் பையனோட அம்மாவையும் கூட்டிட்டு வா. அவங்க பிள்ளை என்கிட்டதான் இருக்கான்" என்றாள்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை. அந்தத் துணி மூட்டையை அவளுடைய அண்ணன் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மயானத்தில், குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில். உள்ளே இருப்பது தன் மகள் என்று நினைத்து அவள் வருஷா வருஷம் போயிருக்கிறாள்.

நேற்று முன்தினம், என் பிறந்தநாளன்று, மூன்று பேரும் போனோம். சின்ன சிமென்ட் பலகை, மேலே எண் மட்டும். சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாமல் சுத்தமாக வைத்திருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, தெரியுமே. அன்றைக்கு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பலகையின் மேல் கையை வைத்தாள். தூங்குகிற குழந்தை முதுகில் வைப்பதுபோல.

கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள் அந்தம்மா. "என்னென்னவோ பேசியிருக்கேன் இவன்கிட்ட. பொண்ணுன்னு நெனச்சுட்டு. இந்த வருஷம் நீ பள்ளிக்கூடம் போயிருப்ப, இந்த வருஷம் உனக்குக் கல்யாணம் பேசியிருப்பேன்னு. ஆள் மாறிப் பேசியிருக்கேன் பாருங்க."

அம்மா திரும்பாமலே சொன்னாள்: "பரவால்ல. நான் இப்படி ஒருத்தன் இருக்கான்னே தெரியாம இருந்தேன். அவன்கூட நீங்களாவது பேசிட்டு இருந்திருக்கீங்க."

அதற்கப்புறம் அவள் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியே வந்ததும், "உங்க புருஷனை நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்" என்றாள் அம்மாவிடம். "வேண்டாம்" என்றாள் அம்மா. அந்தம்மா எங்களோடு பஸ்ஸில் வர மறுத்துவிட்டாள். வக்கீலைப் பார்க்கப் போகிறாள். நான் கூடப் போகிறேன், என் சான்றிதழில் இருப்பது பொய் என்று நானே கையெழுத்துப் போடுவேன். வேலைக்கு ஏதாவது வருமா தெரியாது. வந்தால் வரட்டும். பிரியும்போது என்னிடம், "காலையில சாப்பிட்டியா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அம்மாதான், "காரம் ஆகாது அவளுக்கு. வயிறு எரியுதுன்னுவா" என்று சொன்னாள். அவள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

நீ சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும். அதற்கு வக்கீல் கடிதம் தனியாக வரும். ஆனால் இதை எழுதச் சொன்னது வக்கீல் இல்லை. நேற்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெரியவளுக்கு எழுதறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"பதினோரு வயசுப் பிள்ளை தலையில இதைத் தூக்கி வெச்சுட்டாரே அந்த மனுஷன்" என்றாள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவளை வரச் சொல்லு. அன்னைக்கு நடைவழியில காத்துட்டு நின்னாளாமே. வந்து தம்பியைப் பார்த்துட்டுப் போகட்டும்."